பக்கத்திலை நிக்கிறவர்

ஜெனீற்றா முகம் கழுவிவிட்டு அறைக்குள் வந்தபோது, மாமியார் எமிலியின் கால்கள் இரண்டும் கட்டிலுக்கு வெளியே தெரிந்தன. மிச்ச உடம்பு முழுக்கக் கட்டிலுக்குக் கீழே இருந்தது.

"என்ன மாமி தேடுறியள்?"

"பூனை."

"எங்களிட்டை ஏது மாமி பூனை?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறன்" என்றபடி மாமி பின்பக்கமாக ஊர்ந்து வெளியே வந்தார். உடுப்பிலிருந்த தூசியைத் தட்டினார். போகிற போக்கில் அலுமாரியையும் ஒருக்கால் திறந்து பார்த்துவிட்டுப் போனார்.

மாமியிடம் எதிர்க்கேள்வி கேட்கிற நிலையில் ஜெனீற்றா இல்லை. அவள் ஜேர்மன் சோதனையில் இரண்டு தரம் பெயிலானவள்.

கலியாணம் முடிந்து ஒரு மாதம்தான் அவளுடைய புருசன் டெனிஸ்ரன் ஊரில், சுருவிலில் நின்றான். பிறகு ஜேர்மனிக்குத் திரும்பிவிட்டான். அவள் பின்னால் போவதென்றால் அந்த நாட்டுப் பாஷையின் முதற்படிச் சோதனையில் பாஸாக வேண்டும். எழுத்தில் அவள் பிழையில்லை. பேச்சுச் சோதனையில்தான், எதிரே இருந்த அம்மணி "உங்கள் பெயர் என்ன?" என்று ஜேர்மனில் கேட்டதும் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. இரண்டாம் தரம் பெயர் வந்தது. ஆனால் அது அந்த அம்மணியின் பெயர். சட்டையில் குத்தியிருந்ததைப் பதற்றத்தில் வாசித்துவிட்டாள்.

யாழ்ப்பாணத்தில் வகுப்பு எடுக்கிற பிரேமினி மிஸ் அவளைத் தனியே கூப்பிட்டார்.

"பிரச்சினை உம்மடை ஜேர்மனிலை இல்லை, ஜெனீற்றா. உம்மடை மனசிலை."

மிஸ் அண்மையில்தான் ஒன்லைனில் ஏதோ மனப்பயிற்சி படித்து முடித்திருந்தார். அதற்குப் பிறகு வகுப்பில் இலக்கணம் குறைந்து பிரபஞ்சம் கூடியிருந்தது.

"ஒவ்வொரு நாளும் விடிய எழும்பி, வடிவா உடுத்து வெளிக்கிட்டு, கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு நல்ல வசனங்களை வாய்விட்டுச் சொல்லும். 'போவன்' எண்டு சொல்லக்கூடாது. பிரபஞ்சத்துக்கு எதிர்காலம் விளங்காது. 'போயிட்டன், அங்கை நிக்கிறன்' எண்டு சொல்லோணும்."

இலக்கணம் விளங்காத இன்னொரு ஆளும் இருப்பது ஜெனீற்றாவுக்கு ஆறுதலாயிருந்தது.

"இன்னொண்டு. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும். சொன்னால் சக்தி எல்லாம் ஒழுகிப் போயிடும்."

வசனத்துக்கு வேண்டிய விபரங்களை அன்றைக்கே தொலைபேசியில் டெனிஸ்ரனிடம் கேட்டு எடுத்தாள். மூன்று அறை வீடு. பல்கனியில் சிவப்புப் பூச்செடி. கீழே நீலக் கார். விடியக் கோப்பி போட்டுக் கொடுப்பதும் அவன்தானாம். எல்லாவற்றையும் நிகழ்காலத்தில் கோத்து, மறுநாள் விடியற்காலையே கதவைச் சாத்திக்கொண்டு தொடங்கினாள்.

"விடிஞ்சிட்டுது. நீங்கள் எனக்குப் பக்கத்திலை நிக்கிறியள். சுடச்சுடக் கோப்பி தாறியள். இனி எனக்கு ஒருத்தருக்கும் பயமில்லை."

குசினிக்குப் போய்க்கொண்டிருந்த மாமி கதவுக்கு அந்தப் பக்கம் அப்படியே நின்றுவிட்டது அவளுக்குத் தெரியாது. பூனை தேடுகிற வேலை அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

தன்னுடைய சத்தம் மாமியின் நித்திரையைக் குழப்புகிறதாக்கும் என்று நினைத்து, அடுத்த நாள் ஜெனீற்றா குரலைத் தாழ்த்தினாள். குசுகுசுத்தாள். அதோடு மாமியின் மிச்ச நித்திரையும் போனது. அறைக்குள் உரத்துப் பேசுகிற மருமகளைப் பற்றிக் கொஞ்சமாவது நல்லவிதமாக நினைக்க இடமுண்டு. குசுகுசுக்கிறவளைப் பற்றி என்னத்தை நினைப்பது?

பக்கத்து வீட்டுச் செபஸ்தியம்மா வரவழைக்கப்பட்டார். இரண்டு பேரும் அறைக் கதவடியில் கதிரை போட்டு இருந்து செபமாலை சொன்னார்கள். காது கொடுக்க வசதியாக, செபமாலை இடைக்கிடை நின்று நின்று போனது.

வீட்டுக்குள் இனிச் சரிவராது என்று ஜெனீற்றா பவுடரைப் போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போனாள். கவிழ்த்து வைத்திருந்த வள்ளத்துக்குப் பக்கத்தில் நின்று, கடலைப் பார்த்து ஆசை தீரச் சொன்னாள். சில நாள் நிம்மதியாகத்தான் போனது. ஒருநாள் விடிய, "அந்தா ஆள்! பிடியுங்கோ!" என்று செபஸ்தியம்மாவின் குரல் கேட்டது.

வள்ளத்துக்கு மற்றப் பக்கம் குந்தியிருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அன்ரனிதாஸின் கையை மாமி எட்டிப் பிடித்துவிட்டார். அன்ரனிதாஸுக்கு எழுபது தாண்டிவிட்டது. வாயில் ஒரு பல்லும் இல்லை.

"இந்த வயசிலை உமக்கு வெக்கமில்லையே?"

"எனக்கென்ன வெக்கம்? இந்தப் பிள்ளைக்கெல்லோ வெக்கம் வேணும்" என்றார் கிழவர். "ஒவ்வொரு நாளும் விடிய வந்து நிண்டு 'சுடச்சுடக் கோப்பி' எண்டு சொல்லுது. நானும் பாத்துக்கொண்டிருக்கிறன், ஒரு நாளும் தரேல்லை."

மாமி அவருடைய கையை விட்டார். சந்தேகத்தை விடவில்லை.

"இஞ்சை என்ன பிள்ளை செய்யிறீர்?"

உண்மை ஜெனீற்றாவின் நுனிநாக்கு வரைக்கும் வந்தது. அடுத்த சோதனைக்கு ஒரு கிழமைதான் கிடந்தது. இவ்வளவு நாளும் சேர்த்த சக்தி இந்தக் கடற்கரை மணலில் ஒழுகிப் போனால்?

"சும்மா காத்து வாங்க வந்தனான், மாமி."

"காத்து வாங்கப் பவுடர் எதுக்கு?" என்று செபஸ்தியம்மா கேட்டார்.

மறுநாள் ஜெனீற்றாவுக்கு ஒரு நல்ல யோசனை வந்தது. அதே வசனங்களை ஜேர்மனிலேயே சொன்னால் என்ன? பயிற்சிக்குப் பயிற்சி. மாமிக்கும் ஒரு சொல் விளங்காது. அறைக்குத் திரும்பி, கண்ணாடியைப் பார்த்து, நல்ல உருக்கமாகச் சொன்னாள்.

"மைன் மன் ஷ்டேட் நேபன் மியர்."

வெளியே ஒரு கதிரை விழுந்த சத்தம் கேட்டது.

அன்று மத்தியானம் மாமி தொலைபேசியையும் கொண்டு கிணற்றடிக்குப் போனார். மாமி இரகசியம் பேசினால் சந்தி வரைக்கும் கேட்கும்.

"தம்பி டெனிஸ்ரன்! ஆள் வெள்ளைக்காரனடா!"

டெனிஸ்ரனுக்கு உடனே லீவு கிடைக்கவில்லை. அவனோடு வேலை செய்கிற றெக்ஷன் என்கிற பொடியன் அந்த நேரம் விடுமுறையில் புங்குடுதீவுக்குத் தாயிடம் வந்து நின்றான். போய் விசாரித்துவிட்டு வா என்று டெனிஸ்ரன் அவனைக் கேட்டுக்கொண்டான். அவனுக்கு ஜேர்மனும் தெரியும்.

அடுத்த நாள் விடிய ஜெனீற்றா வசனங்களின் நடுவில் நின்றபோது கதவு படாரென்று திறந்தது. மாமி நேரே அலுமாரிக்குப் போனார். செபஸ்தியம்மா கட்டிலுக்குக் கீழே குனிந்தார். முன்பின் தெரியாத பொடியன் ஒருவன் வாசலில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"அம்மா, உள்ளுக்கை ஒருத்தருமில்லை" என்றான் அவன். "அக்கா தனியத்தான் கதைக்கிறா. 'என்ரை மனுசன் எனக்குப் பக்கத்திலை நிக்கிறார். எங்களுக்கு மூண்டு அறை வீடு. பல்கனியிலை சிவப்புப் பூ. கீழை நீலக் கார்.' இவ்வளவுதான்."

மாமி அலுமாரிக் கதவைப் பிடித்தபடியே நின்றார்.

"மனுசன் எண்டால்... என்ரை மோனோ?"

"ஓமம்மா. டெனிஸ்ரன் அண்ணைதான்."

ஜெனீற்றா உடைந்துபோனாள். பெயிலானது, பிரேமினி மிஸ், கண்ணாடி, பிரபஞ்சம், ஒழுகுகிற சக்தி எல்லாவற்றையும் அழுதழுது சொன்னாள்.

"அவரிட்டைப் போகோணும் எண்டுதான் மாமி. வேறை ஒண்டுமில்லை."

"என்ரை பிள்ளை! நான் பாவி, என்னவெல்லாம் நினைச்சுப்போட்டன்" என்று மாமி அவளைக் கட்டிப்பிடித்துத் தானும் அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கோப்பி போடக் குசினிக்குப் போனார். செபஸ்தியம்மாவுக்கு மட்டும் கொஞ்சம் ஏமாற்றம். ஒருவரும் அகப்படாத கட்டிலில் போய் இருந்துகொண்டார்.

ஜெனீற்றா கண்ணைத் துடைத்தாள்.

"எல்லாம் வெளியிலை வந்திட்டுது. இனி என்ன சக்தி? இல்லாததை இருக்கு எண்டு விடிய விடியச் சொன்னால் கிடைச்சிடும் எண்டு நம்பினன் பாருங்கோ தம்பி, என்னைப்போல ஒரு விசரி இருக்க மாட்டாள். இண்டையோடை விட்டிடப் போறன்."

றெக்ஷனுக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"விடாதேங்கோ அக்கா" என்றான். "அந்த மூண்டு அறை வீட்டையும் நீலக் காரையும் டெனிஸ்ரன் அண்ணையும் இப்பிடித்தான் ஒவ்வொரு நாளும் விடியக் கண்ணாடியைப் பாத்துச் சொல்லுறவர், அவரோடை ஒரே அறைக்குள்ளை படுக்கிற எங்கள் ஆறு பேருக்கும் அது நல்ல மனப்பாடம்."