காலி இடம் பொறுக்காத சந்தக்கா

கோயமுத்தூர் ஜில்லாவிலேயே காலி இடத்தைப் பார்த்தால் காய்ச்சல் வந்துவிடும் ஒரே ஜீவன் எங்கள் சந்தக்காதான். மருதமலைக்குக் கூட்டிக்கொண்டு போனால் எல்லோரும் சாமியைப் பார்ப்பார்கள். இவர் படிக்கட்டுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "எவ்வளவு எடம் பாருங்க, வீணாக் கெடக்குது! ஒரு கல்யாணச் சாமானையே வெச்சுப்போடலாம்" என்பார். முருகன் உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டதால் தப்பித்தார். கீழே இருந்திருந்தால் அவரையும் மடித்து ஓரமாக வைத்திருப்பார்.

வாயைத் திறந்தால் "அந்தச் சந்து சும்மாதானுங்க இருக்குது" என்பதுதான். அதனால் சந்தக்கா. அவருடைய உண்மையான பெயர் ஹாஸ்டல் வார்டனுக்குத் தெரிந்திருக்கலாம்.

தொண்ணூறுகளின் ஆரம்பம். காந்திபுரத்தில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான ஹாஸ்டல். ஓர் அறையில் நான், அமுதா, சந்தக்கா. நான் ஒரு மில் ஆபீஸில் டைப்பிஸ்ட். அமுதா கொடுமுடிப் பக்கத்துத் தோட்டக்காரர் மகள், நர்சரிப் பள்ளியில் டீச்சர். சந்தக்கா ஓர் ஆடிட்டரிடம் கிளார்க். மூன்று பேருக்கும் சேர்த்துச் சுவரில் ஒரே ஓர் அலமாரி, ஆளுக்கு ஒரு தட்டு. கதவைத் திறந்தால் என் சேலை அமுதாவின் தலையில் விழும், அமுதாவின் பவுடர் டப்பா என் காலில் விழும். சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

சந்தக்கா வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே அந்தச் சந்தோஷத்துக்கு முடிவு வந்தது. நான் குளித்துவிட்டு வருவதற்குள் அலமாரி மொத்தமும் கட்டில் மேல் கிடந்தது.

"ஏனுங்கக்கா, என்ன பண்றீங்க?"

"நீங்க ரெண்டு பேரும் இதுக்குள்ள காத்தை அடைச்சு வெச்சிருக்கீங்க கண்ணு. காத்துக்கு எதுக்கு அலமாரி?"

சேலைகளை மடிக்கக் கூடாது, சுருட்டி நிறுத்த வேண்டும் என்றார். தட்டுக்கு நடுவில் ரெண்டு செங்கல்லும் ஒரு பலகையும் வைத்து ஒன்றை இரண்டாக்கினார். கதவின் உள்பக்கம் பழைய பாவாடையில் பைபையாகத் தைத்து மாட்டினார். என் டம்ளரை எடுத்து, "இது பாரு, வாயைப் பொளந்துட்டுச் சும்மா உக்காந்திருக்குது" என்று கைக்குட்டைகளைத் திணித்தார். தண்ணீர் குடிக்க என்ன செய்வது என்று கேட்டேன். "கையில புடிச்சுக் குடி. கை எதுக்கு இருக்குது?" என்றார்.

மழைக்காலம் வந்தது. டவுன்ஹால் பஸ் ஸ்டாப்பில் நல்ல கூட்டம். தூறல் விழுந்ததும் நான் குடையை விரித்தேன். வானத்திலிருந்து மழையும் குடையிலிருந்து ஹேர்பின்னும் ஒன்றாகக் கொட்டின. பின்னாலேயே ரிப்பன், ஊக்கு, கடைசியாக அமுதாவின் உள்பாவாடை ஒன்று இறங்கி என் தோளில் உட்கார்ந்தது. பக்கத்திலிருந்த பெரியவர், "அம்மணி, துணி காயப்போட நல்ல எடம் பாத்தீங்க போங்க" என்றார். அன்றைக்கு அந்த பஸ்ஸில் நான் ஏறவில்லை.

ஹாஸ்டலுக்கு வந்து கத்தினேன். சந்தக்கா கொஞ்சம்கூட அசரவில்லை. "குடைக்குள்ள அவ்வளவு சந்து இருக்குதே, பாத்துட்டுச் சும்மா இருக்க முடியுங்களா? விரிக்கறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?" என்று என்னைக் குற்றவாளி ஆக்கினார்.

இதில் அமுதாவின் அப்பா வேறு. எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு மகளைப் பார்க்க வெறுங்கையோடு வரத் தெரியாது. தேங்காய், நிலக்கடலை, நாட்டுச் சர்க்கரை என்று மூட்டை மூட்டையாக இறக்குவார். வேண்டாம் என்று சொன்னால் மனசு விட்டுப்போவார், எனவே யாரும் சொல்வதில்லை. வாங்கி வைப்பது சந்தக்காவின் பொறுப்பு. ஒரு தடவை நான் படுத்ததும் தலையணை மொறுமொறுவென்றது. பஞ்சைக் காணோம். உள்ளே நிலக்கடலை. "பஞ்சு அமுக்கினா அமுங்கும் கண்ணு, அதை எங்க வேணா திணிச்சுக்கலாம். கடலை அமுங்குமா?" என்று விளக்கம் சொன்னார். நாட்டுச் சர்க்கரையை எங்கே வைத்தார் என்பதை எறும்புகள்தான் எங்களுக்குக் காட்டின. என் ஆபீஸ் ஹேண்ட்பேக்கில்.

இந்த நிலைமையில்தான் அமுதாவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளைக்குக் கருமத்தம்பட்டி. முன்னால் தறிக் கூடம், பின்னால் வீடு. பொண்ணு பார்க்க வந்த அன்று அந்தப் பையன் தான் சாப்பிட்ட வட்டலைத் தானே எடுத்துக்கொண்டு போய்ச் சமையற்கட்டில் வைத்தானாம். அதற்கே அமுதா உருகிவிட்டாள். ராப்பகல் அந்த வட்டல் கதைதான்.

வீடு பார்க்கப் போவது என்று ஒரு வழக்கம் உண்டு. கல்யாணப் பெண் போகக் கூடாது. அமுதா தன் அப்பாவோடு துணைக்கு எங்கள் இருவரையும் அனுப்பினாள். "அக்கா, எங்களுக்குக் குடுக்கற ரூமு எப்படி இருக்குதுன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்று என் காதில் சொன்னாள். கண்ணெல்லாம் ஆசை.

ரூம் சின்னது. கட்டில் போட்டால் நடக்க இடமில்லை. சுவரில் ஓர் அலமாரி, அதன் கதவு சாமான் தாங்காமல் முன்னால் பிதுங்கிக்கொண்டு நின்றது. காபி குடித்து முடித்ததும் மாப்பிள்ளையின் அம்மா மெதுவாக ஆரம்பித்தார்.

"சீர்ல பீரோ மட்டும் வேண்டாமுங்க சம்பந்தி. எங்கூட்ல வெக்க எடமில்லீங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

"தப்பா நெனைக்க என்னுங்க இருக்குது? என்ற புள்ள சேலைய வெக்க எடமில்லீனு சொல்றீங்க, அவ்வளவுதானுங்களே?" என்றார் அமுதாவின் அப்பா.

"நா அப்படிச் சொல்லலீங்களே."

"எனக்கு அப்படித்தானுங்களே கேக்குது. சேலைக்கே எடமில்லாத ஊட்ல புள்ளைக்கு எங்கீங்க எடம் இருக்கப்போகுது?"

"நீங்களா ஒண்ணு நெனச்சுக்கிட்டா நாங்க என்னுங்க பண்றதுங்க?"

வெளியூர்க்காரர்கள் கேட்டால் விருந்து உபசாரம் நடப்பதாக நினைப்பார்கள். எங்கள் ஊரில் சண்டை முற்ற முற்ற மரியாதை கூடும். அமுதாவின் அப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்ப நாங்க பொறப்படறமுங்க" என்றார். வருகிறோம் என்று சொல்லவில்லை. ஹாஸ்டல் வாசலிலேயே நின்றுகொண்டிருப்பாளே அமுதா, அவளிடம் என்னவென்று சொல்வது?

அப்போதுதான் உள்ளேயிருந்து தடதடவென்று சத்தம். சந்தக்காவை மறந்தே போயிருந்தோம். ஓடிப் போய்ப் பார்த்தால், அவர் தலை அலமாரிக்குள், உடம்பு வெளியே. தரை முழுக்க நூல் கோன், பழைய காலண்டர், ஓடாத ரேடியோ, கைப்பிடி இல்லாத சூட்கேஸ். பெண் வீட்டுக்காரியாக வந்து, மாப்பிள்ளை வீட்டு அலமாரியை, கேட்காமல் கொள்ளாமல்! நின்றுபோன கல்யாணத்துக்கு இவர் பாடையே கட்டிவிட்டார் என்று நினைத்தேன்.

"எடமில்லீனு ஆருங்க சொன்னது?" என்று நூலாம்படைத் தலையோடு வெளியே வந்தார் சந்தக்கா. "ரெண்டு தட்டை முழுசா இதுதானுங்க அடைச்சிருக்குது. வைக்கப்புல்லு கூடப் பிரிக்கல."

கையில் ஒரு பித்தளைப் போசி, சமையல் பாத்திரம். கட்டிலில் இன்னும் அண்டா, குடம், தாம்பாளம், வரிசையாக வட்டல்கள். எல்லாம் வைக்கோல் சுற்றி, கட்டின கயிறு கட்டினபடி இருந்தன. சந்தக்கா போசியின் விளிம்பைத் துடைத்துவிட்டு, அதில் வெட்டியிருந்த பெயரைச் சத்தமாகப் படித்தார். அது மாப்பிள்ளையின் அப்பா பெயர் இல்லை.

மாப்பிள்ளையின் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோபத்தில் கத்தப்போகிறார் என்று எதிர்பார்த்தோம். குரலே எழும்பவில்லை.

"எங்கப்பன் குடுத்த சீருங்க அது. வண்டியில வந்து எறங்குன அன்னிக்கே எம் மாமியா, இதையெல்லாம் இந்தூட்ல எங்க வெக்கறதுன்னு கேட்டுப்போட்டாங்க. எங்கப்பன் ஒண்ணும் பேசாம நின்னாருங்க. அன்னிக்கு உள்ள வெச்சதுதான், நா எடுக்கவே இல்லீங்க."

அமுதாவின் அப்பா தோளில் இருந்த துண்டை எடுத்து, ரூமுக்கு வெளியே மறுபடி தன் நாற்காலி முதுகில் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"சம்பந்தியம்மா, எம் புள்ளைக்கு ஒரு தட்டுக் குடுங்க. போதுமுங்க."

"ஒரு தட்டு என்னுங்க? முழுசும் அவளுக்குத்தானுங்க" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா அழுதே விட்டார்.

அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரிந்தால் அவர் சந்தக்கா இல்லை. "முழுசும் எதுக்குங்க?" என்றார். "அமுதாவுக்கு ரெண்டு தட்டே தாராளம். சுருட்டி நிறுத்தினா முகூர்த்தச் சேலையே முழங்கை அளவுதானுங்க. போசியை எல்லாம் சமையலுக்கு எடுத்துப் பொழங்குங்க. மேல்தட்டு உங்குளுக்கு." அழுதுகொண்டிருந்த அம்மா சிரித்துவிட்டார். கிளம்பும்போது அமுதாவின் அப்பா, "போயிட்டு வாரமுங்க" என்று தெளிவாகச் சொன்னார்.

கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது. பந்தியில் அந்தப் பித்தளை அண்டாவில்தான் பாயசம். பீரோவும் வந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கொடுக்கிற கையை எங்கள் ஊரில் யாரால் தடுக்க முடியும்? அது தறிக் கூடத்தில் நின்றது, நூல் கோன் வைக்க.

ஹாஸ்டல் அறையில் அமுதாவின் தட்டு காலியாயிற்று. சாயங்காலத்துக்குள் சந்தக்கா அதை நிரப்பிவிடுவார், கடலையை அங்கே மாற்றினால் என் தலையணைப் பஞ்சாவது எனக்குத் திரும்பிக் கிடைக்கும் என்று காத்திருந்தேன். ஒரு வாரம் போனது, ஒரு மாதம் போனது. அந்தத் தட்டு அப்படியே கிடந்தது. ஈரத்துணி போட்டுத் துடைத்து வைப்பாரே தவிர, அதில் ஓர் ஊக்குகூட வைக்கவில்லை.

பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன். "ஏனுங்கக்கா, அந்தத் தட்டு சும்மாதானுங்க இருக்குது?"

"இருக்கட்டும் கண்ணு" என்றார், என்னைப் பார்க்காமல். "போன எடத்துல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயி, புள்ள ஒரு நாளைக்குப் பொட்டியைத் தூக்கிட்டு வந்து நின்னுதுன்னா, எடமில்லீனு நம்ம வாயால சொல்லலாமா?"

அதற்குப் பிறகு அந்தத் தட்டில் நானும் எதையும் வைத்ததில்லை.