டிரில் மாஸ்டரின் ரத்தக்கட்டு

எட்டரை மணிக்குள் பெரியநாயகம் மோவாயில் ஏழு துண்டு செய்தித்தாள் ஒட்டிப் பார்த்துவிட்டார். ரத்தம் நிற்கவில்லை. சவரம் பண்ணும்போது பிளேடு லேசாகத்தான் பட்டது. படிகாரம் தேய்த்தார். மஞ்சள்தூள் அப்பினார். கடைசியில் காபித்தூளையும் அள்ளி அமுக்கிக்கொண்டு சைக்கிளை மிதித்தார். பள்ளிக்கூடப் பிரார்த்தனையில் அவர் விசில் ஊத நின்றபோது முதல் வரிசைப் பையன்கள் பாட்டை மறந்து அவர் மோவாயையே பார்த்தார்கள்.

ஆரணியில் முப்பது வருஷமாக டிரில் மாஸ்டர். வயது ஐம்பத்தாறு. தன் உடம்பு மாத்திரையையே பார்த்ததில்லை என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு யாராவது வாத்தியார் மாத்திரை அட்டையைக் கிழித்தால், இது இரண்டாவது சாப்பாடா என்று கேட்டு மானத்தை வாங்குவார்.

அந்த வாய்தான் நான்கு மாதம் முன்பு அடைத்துப்போனது. விளையாட்டு விழாவுக்கு மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடும்போது நெஞ்சை இறுக்கிப் பிடித்தது. விளையாட்டு ஆசிரியர்கள் கூட்டம் என்று மனைவி சகாயம்மாளிடம் பொய் சொல்லிவிட்டு வேலூருக்குத் தனியாகப் பஸ் ஏறினார். இதயக் குழாயில் சின்ன அடைப்பு, ரத்தம் உறையாமலிருக்கத் தினம் ஒரு மாத்திரை என்று சீட்டு எழுதிக் கொடுத்தார் டாக்டர். அடிபட்டால் ரத்தம் நிற்க நேரமாகும், லேசாக இடித்தாலும் கன்றிப்போகும், கேட்காமல் வலி மாத்திரை போடக் கூடாது, தானாக நிறுத்தவும் கூடாது, முக்கியமாக வீட்டில் சொல்லி வையுங்கள் என்றார். பெரியநாயகம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வீட்டில் மட்டும் சொல்லவில்லை.

மாத்திரையை விளையாட்டுச் சாமான் அறையில், பந்துக்குக் காற்றடிக்கும் பம்ப் இருந்த பெட்டியில் ஒளித்து வைத்தார். ஆரணி மருந்துக்கடைக்காரர்கள் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். அதனால் மாசாமாசம் பெரணமல்லூர் வரைக்கும் போய் வாங்கி வந்தார்.

பிறகுதான் கைகளில் ரத்தக்கட்டு வர ஆரம்பித்தது. மேஜை முனை பட்டால் நீலம், பை வார் அழுத்தினால் ஊதா. தமிழாசிரியர் வேணுகோபால் முதல் தடவை கேட்டபோது சைக்கிளிலிருந்து விழுந்தேன் என்றார். அடுத்த வாரம் கதவில் இடித்துக்கொண்டேன் என்றார். மூன்றாவதாக ஒன்று வந்ததும் முழுக்கைச் சட்டைக்கு மாறினார். கொளுத்தும் வெயிலில் டிரில் மாஸ்டர் முழுக்கைச் சட்டையில் நின்றதும், அதுவரை கவனிக்காதவர்களும் கவனித்தார்கள். முழங்காலில் ஒரு கட்டு வலித்ததால் முதலுதவிப் பெட்டியிலிருந்து வலி மாத்திரை எடுத்து நான்கு நாள் போட்டார். ரத்தக்கட்டு இரண்டு மடங்கானது.

வெள்ளிக்கிழமை வேணுகோபால் ஆசிரியர் அறைக் கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. வூட்ல அடிக்கிறாங்களா?"

பெரியநாயகத்துக்குச் சிரிப்பு வந்தது. சகாயம்மாள் எறும்பு போனால் அது கடக்கும்வரை துடைப்பத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர். ஆனால் சிரித்தால் அடுத்த கேள்வி வரும். அப்புறம் இது எப்படி வந்தது என்று கேட்பார். அதற்குப் பதில் பம்ப் பெட்டியில் இருந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்த தலையை வேணுகோபால் என்ன பதிலாக எடுத்துக்கொள்வார் என்று நன்றாகத் தெரிந்தும் நிமிரவில்லை.

சேதி பக்கத்து ஊரான சேவூர் வரை போயிற்று. தலைமையாசிரியர் கேட்காமலே அரை நாள் லீவு கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் சகாயம்மாள் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை.

"என்னங்க, பக்கத்து வூட்டு ஜாய்ஸ் என்னைப் பார்த்து ஒதுங்கிப் போறா. நான் எதனா தப்பு பண்ணிட்டேனா?" என்று வீட்டுக்கு வரும் வழியில் கேட்டார்.

பெரியநாயகம் சைக்கிள் செயின் கழன்றது போலக் குனிந்து பார்த்தார். செயின் நன்றாகத்தான் இருந்தது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார்.

மறுநாள் அவர் வாயைத் திறப்பதற்குள் பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்துவிட்டார். காபியை வாங்கி வைத்துவிட்டு, பொறுமையைப் பற்றி ரொம்ப நேரம் பேசினார். சகாயம்மாள் கை கட்டி நின்று பக்தியோடு கேட்டார்.

"கோபம் எல்லாருக்கும் வரும்மா. ஆனா கை நீட்டக் கூடாது."

"யார் மேல ஃபாதர்?"

சாமியார் பெரியநாயகத்தின் முழுக்கைச் சட்டையைப் பார்த்தார். சகாயம்மாளும் பார்த்தார். பெஞ்ச் ஏன் காலியாக இருந்தது என்பது அந்த நிமிஷத்தில் அவருக்குப் புரிந்தது. புருஷன் முகத்தைப் பார்த்தார். பெரியநாயகம் தரையைப் பார்த்தார். முப்பது வருஷத்தில் அவ்வளவு சின்னவராக அவர் தன்னை உணர்ந்ததில்லை. எப்படியாவது சொல்லிவிடுவோம் என்று நிமிர்ந்தபோது மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. சாமியாரின் வெள்ளை அங்கியெல்லாம் ரத்தம்.

சாமியார் துள்ளி எழுந்து, நின்ற இடத்திலிருந்து அசையவே அசையாத சகாயம்மாளுக்கும் மாஸ்டருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார்.

ஆட்டோவில் மூன்று பேரும் டாக்டர் ஜெயவேலிடம் போனார்கள். அவர் மூக்கில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே, வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். பழக்க தோஷத்தில் பெரியநாயகம் இல்லை என்று தலையசைத்தார். டாக்டர் சட்டைக் கையை மடித்துப் பார்த்துவிட்டு, யாராவது அடித்தார்களா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

மூலையில் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நின்ற சகாயம்மாள் முன்னால் வந்தார்.

"நான்தான் அடிச்சேன்னு எழுதிக்குங்க டாக்டர். ஜல்தியா ரத்தத்தை நிறுத்துங்க."

பெரியநாயகத்துக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. மூக்கில் பஞ்சோடு, பாதி வார்த்தை மூக்காலேயே, எல்லாவற்றையும் சொன்னார். வேலூர், பெரணமல்லூர், பம்ப் பெட்டி, ஆசிரியர் அறையில் குனிந்த தலை. மனைவியைப் பார்த்துச் சொல்ல முடியாமல் சுவரில் இருந்த காலண்டரிடம் சொன்னார். சாமியார் தன் அங்கியின் கறையைத் துடைப்பதில் மும்முரமானார். சகாயம்மாள் திகைத்துப்போய் நின்றார்.

டாக்டர் யோசித்தார். வலி மாத்திரையை இனி தொடவே கூடாது என்றார். அப்புறமும் கணக்கு சரிவராதவர் போலக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தினம் ஒண்ணுதானே சாப்பிடுறீங்க? மறைக்காம சொல்லுங்க."

"சத்தியமா ஒண்ணுதான் டாக்டர்."

"அதுக்கு இவ்ளோ ஆகாதே."

சகாயம்மாள் சொன்னார்:

"சட்டை துவைக்கறப்போ அந்தச் சீட்டைப் பார்த்தேன் டாக்டர், இவர் வெட்கப்பட்டுகினு மாத்திரையைத் தொடவே மாட்டாருன்னு, நாலு மாசமா நானே வாங்கியாந்து, தினம் ஒண்ணு நுணுக்கி, இவருக்குத் தெரியாம மோர்ல கலந்து குடுத்துகினு இருக்கேன்."