அவுட்டே ஆகாத உமர் பாருக்

"இன்னைக்கும் முட்டையா?" என்று கேட்டார் உமர் பாருக்.

"இல்லங்க, கத்திரிக்கா" என்று அடுப்படியிலிருந்து பதில் சொன்னாள் சாபிரா.

கேள்வி அவளுக்கு இல்லை. வெள்ளைக் கால்சட்டையும் முழங்காலில் செம்மண்ணுமாக வாசலில் நின்ற மகன் அப்சலுக்கு. பதினோரு வயதுப் பையன். இருபது ஓவர் உலகக் கோப்பையை இந்தியா ஜெயித்த மறு வருஷம் அது. கம்பத்தில் கோடை விடுமுறைக்கு ஒரு கிரிக்கெட் பயிற்சி முகாம் தொடங்கியிருந்தார்கள். அதில் சேர்ந்த நாளிலிருந்து அப்சல் ஒரு ரன்கூட எடுக்கவில்லை.

"ரெண்டாவது பந்துல அவுட்டு அத்தா. ஆனா கால சரியா வச்சேன்னு சார் சொன்னாரு."

"கால வச்சா ரன்னு குடுப்பாகளாக்கும்?"

உமர் பாருக் பைப்பும் தண்ணீர் மோட்டாரும் விற்கிறவர். தானுண்டு தன் கடையுண்டு என்று இருக்கும் மனிதர். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் வாயை அடைக்க முடியாது. சின்ன வயதில் உத்தமபாளையத்துச் சந்தில் ரப்பர் பந்தில் ஆடியபோது அவரை ஒருவராலும் அவுட்டாக்க முடிந்ததில்லை. அவரைவிடப் பெரிய பையன்களெல்லாம் போட்டுப் பார்த்தார்களாம், நடக்கவில்லையாம். பிறகு அவருடைய அத்தா கடையைக் கம்பத்துக்கு மாற்றிவிட்டதால் அந்தச் சாதனை கெட்டுப்போகாமல் அப்படியே நின்றுவிட்டது. சாபிரா இந்தக் கதையை நிக்காஹ் முடிந்த வாரமே கேட்டுவிட்டாள். மறுவாரமும் கேட்டாள்.

புலிக்குப் பிறந்தது பூனையாகுமா? ஆகாது. அப்படியானால் குற்றம் பூனையிடம் இல்லை, பழக்குகிறவரிடம்தான் என்று முடிவு கட்டி, மறுநாள் காலையில் மைதானத்துக்கே போய் நின்றார்.

முகாமை நடத்துகிற ஞானதுரை ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். பொறுமைசாலி.

"சார், நாங்க எந்தக் கேம்புக்குப் போனோம்? தலைக்குத் தொப்பி உண்டா, காலுக்குக் கவசம் உண்டா? சந்துல நின்னு ஆடுனோம். ஒருத்தனாவது என்னைய அவுட்டாக்குனானா? நீங்க விசில ஊதி ஊதியே பிள்ளையக் கெடுத்துப்புட்டீக. இவன நான் கூட்டிட்டுப் போறேன்."

அப்சலின் முகம் சுருங்கிப்போயிற்று. ரன் வருகிறதோ இல்லையோ, அவனுக்கு இந்த இடம் பிடித்திருந்தது. காலையில் எழுப்பாமலே எழுந்து கிளம்புகிறான் என்பதை அவன் அம்மா கவனித்திருந்தாள். அத்தா கவனிக்கவில்லை.

"நான் இங்கனயே இருக்கேன் அத்தா" என்றான் மெதுவாக.

ஞானதுரை விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "கூட்டிட்டுப் போங்க, வேணாங்கல. அதுக்கு முன்னாடி ஒரு ஓவர் ஆடிக் காட்டுங்க. அவுட்டாகாம நின்னீகன்னா அப்சல் உங்க கூட வரட்டும். அவுட்டாயிட்டா அவன் இங்கனயே இருக்கட்டும். சரிதானா?"

"ஒரு ஓவர் என்ன சார், ஒம்பது ஓவர் போடச் சொல்லுங்க" என்று கைலியை மடித்துக் கட்டினார் உமர் பாருக்.

பந்து போட வந்தவள் பெனாசிர். ரெட்டைச் சடை, முன்பல் இன்னும் முளைக்காத வாய். ஓடி வந்து போட்டாள். நடு ஸ்டம்பு மல்லாந்தது.

உமர் பாருக் திரும்பிப் பார்த்தார். ஸ்டம்பை எடுத்து நட்டார். பேட்டால் ரெண்டு தட்டுத் தட்டி இறுக்கினார். மறுபடியும் வந்து நின்று, "ம், அடுத்தது போடு" என்றார்.

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மாமா, நீங்க அவுட்டு" என்றாள் பெனாசிர்.

"அதுக்கென்ன? போடு."

"அவுட்டானா வெளிய போகணும் மாமா."

இப்படி ஒரு சட்டம் இருப்பதே அவருக்கு அப்போதுதான் உறைத்த மாதிரி இருந்தது. கொஞ்சம் யோசித்து, "இது என்ன பந்தா, பாறாங்கல்லா? ரப்பர் பந்துல போடுங்க, அப்பப் பாப்பம்" என்றார்.

மறுநாள் அவரே ரப்பர் பந்து வாங்கி வந்தார். வரிசையாகப் பிள்ளைகள் போட்டார்கள். ஸ்டம்பு விழுந்துகொண்டே இருந்தது. அவரும் சலிக்காமல் நட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப வந்து நின்றார். கடைசியில் ஞானதுரையே போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வர வேண்டியதாயிற்று.

"வெட்டவெளியில என்ன சார் ஆட்டம்? சந்துல ஆடணும். பந்து சுவத்துல பட்டுத் திரும்பி வரணும். வாங்க பாளையத்துக்கு!"

ஞாயிற்றுக்கிழமை முகாமே குட்டியானை வண்டியில் ஏறி உத்தமபாளையம் போயிற்று. தூக்குவாளி நிறையப் புளிச்சோறு கட்டிக்கொண்டு சாபிராவும் ஏறினாள்.

"நீ எதுக்கு?" என்றார் அவர்.

"இத்தன வருசமாக் கேட்ட கதைய ஒரு தடவ கண்ணால பாக்க வேணாமா?"

பழைய சந்தில் வீட்டுக்கு வீடு இரும்புக் கேட்டும் பைக்குமாக இருந்தது. உமர் பாருக் அடியில் சிமெண்ட் நிரப்பிய மூன்று பைப்புத் துண்டுகளைக் கடையிலிருந்தே கொண்டுவந்து ஸ்டம்பாக நிறுத்தினார். முதல் பந்து அவர் ஆசைப்பட்டபடியே சுவரில் பட்டுத் திரும்பி வந்து ஸ்டம்பைச் சாய்த்தது. அடுத்த பந்தை ஆத்திரத்தோடு வீசி அடித்தார். அது ஒரு வீட்டு வாசல் குழாயை உடைத்தது. தண்ணீர் மாடி வரைக்கும் பீறிட்டது. பைப்பு வியாபாரி என்பதால் குழாயைச் சீக்கிரமே சரிசெய்துவிட்டார். அந்த வீட்டம்மாளின் வாய் அடங்கத்தான் நேரமாயிற்று.

நனைந்த கைலியைப் பிழிந்துகொண்டே புதுக் காரணம் சொன்னார்.

"இந்தப் பிள்ளைக போடுறது பாடப்புத்தகப் பந்து. நான் பழகுனது ஜஸ்டின் அண்ணன் பந்து. இந்தச் சந்துலயே அவருதான் சூரன். அவரையே கூப்புடுறேன். அவரு என்னைய அவுட்டாக்கிட்டா, ஆண்டவன் அறிய அப்சல் கேம்புலயே இருக்கட்டும். அப்புறம் நான் வாயத் தொறந்தா ஏன்னு கேளுங்க."

கோம்பை ரோட்டில் உரக்கடை வைத்திருந்த ஜஸ்டின், செல்போனில் விஷயத்தைக் கேட்டதும் மொபெட்டில் வந்து இறங்கினார். அவருக்கு முன்னால் அவர் தொந்தி இறங்கியது. உமர் பாருக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பிறகு பந்தை வாங்கி, பெருமூச்சு விட்டபடி நாலு எட்டு நடந்து, கையைச் சுழற்றிப் போட்டார்.

ஸ்டம்பு ஒன்று சாய்ந்து உருண்டு சாக்கடையில் விழுந்தது.

உமர் பாருக் அதை எடுத்து அலசினார். நட்டார். பேட்டை ஊன்றி நின்றார். எதிரே அப்சல் ரெண்டு கையையும் கோத்துக்கொண்டு அத்தாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உதடு என்னவோ முணுமுணுத்தது. மகன் ஓதிக்கொண்டு நிற்பது தன் தோல்விக்காகத்தான் என்பது அவருக்கு விளங்கியது. இந்த விளையாட்டுக்காக இவன் இவ்வளவு ஏங்குகிறானா? இத்தனை நாளும் ரன்னைக் கேட்டோமே தவிர, இதைக் கேட்கவில்லையே என்று நிஜமாகவே வருத்தப்பட்டார்.

பேட்டைக் கீழே வைத்தார்.

"சரிலே. நாளைக்கு நானே கொண்டாந்து விடுறேன்."

அப்சல் ஓடி வந்து பேட்டை எடுத்துக்கொண்டான். "எனக்கும் ஒண்ணு போடுங்க பெரியப்பா!"

ஜஸ்டின் போட்டார். அப்சல் காலை முன்னால் வைத்துத் தட்டினான். பந்து சுவரோரமாகவே ஓடிச் சந்து முனைக்குப் போயிற்று. பிள்ளைகள் கத்திய கத்தலில் அவன் ரெண்டு ரன் ஓடினான். அவன் வாழ்க்கையின் முதல் ரெண்டு ரன். அடுத்த பந்தில் ஸ்டம்பு விழுந்தது. பேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக, யாரும் சொல்லாமலே வெளியே நடந்தான். ஞானதுரை கைதட்டினார். சாபிரா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

உமர் பாருக்குக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. வாயைத் திறப்பதில்லை என்று சொன்னது அரைமணி நேரம்கூட நிற்கவில்லை.

"பாத்தீகளா சார்! யாரு ரத்தம்? நான் நின்ன அதே எடம்! ஜஸ்டின் அண்ணே, நீங்களே சொல்லுங்க. இதே சந்துல எத்தன பேரு எனக்குப் பந்து போட்டீக? ஒரு நாளாவது என்னைய அவுட்டுன்னு வெளிய அனுப்பியிருக்கீகளா?"

ஜஸ்டின் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"எங்கிட்டுப்பா அனுப்புறது? தெனமும் பத்துத் தடவ உன் ஸ்டம்பு விழும், நீயே நட்டு வச்சுட்டு மறுபடியும் நிப்ப. ஒண்ணாப்புப் பிள்ளை அழுகுதேன்னு உன்னைய நாங்க சேத்துக்கிட்டதே ஒப்புக்குச் சப்பாணியாத்தானே!"