நாலாம் எண்ணுக்கு ஏழு மதிப்பெண் போட்டது யார்?

பெருமதிப்பிற்குரிய விளையாட்டுப் பக்க ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, முப்பத்தோரு ஆண்டு கணக்கு வாத்தியாராக இருந்து, அதில் இருபத்தாறு ஆண்டு பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தி ஓய்வுபெற்ற வாசகன் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் உதவியாசிரியர்களும் அச்சு இயந்திரமும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கே என் உடல்நலம் பரவாயில்லை. வீட்டு நலம்தான் மூன்று நாளாகச் சரியில்லை. அதற்குத் தங்கள் பத்திரிகையே முழுப் பொறுப்பு.

சனிக்கிழமை பிற்பகல் நடந்த சர்வதேசப் பெண்கள் ஹாக்கி ஆட்டம் இரண்டுக்கு இரண்டு என்று சமனில் முடிந்தது. மறுநாள் தாங்கள் நம் வீராங்கனைகளுக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டிருந்தீர்கள். படித்தேன், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தேன். கல்யாண வீட்டில் வெற்றிலை பாக்கு கொடுப்பதுபோல அள்ளி விட்டிருக்கிறீர்கள். இரண்டு கோல் விட்ட கோல்கீப்பருக்கு ஆறு. ஒன்பதாம் எண் எதிரணிக் கோலுக்கு எதிரே தன்னந்தனியாக நின்றுகொண்டு, பந்தை நேராகப் பார்வையாளர் மாடத்துக்கு அனுப்பி வைத்தார், அவருக்கு எட்டு. பதினொன்றாம் எண், பந்து ஏதோ பாட்டன் சொத்து மாதிரி யாருக்கும் கொடுக்க மனசில்லாமல் ஓடி ஓடி, மூலையில் போய் மாட்டிக்கொண்டார், அவருக்கு ஏழரை. அந்த அரை எதற்கு ஐயா? ஓடிய தூரத்துக்கு என்றால் எங்கள் தெருத் தபால்காரர் இந்நேரம் அணித் தலைவர் ஆகியிருக்க வேண்டும்.

இவையெல்லாம்கூடப் போகட்டும். தற்காப்பில் ஆடிய நாலாம் எண்ணுக்கு ஏழு! நான் போட்டது மூன்று. முதல் பாதியில் சாதாரணமாக உருண்டு வந்த பந்து அவர் ஸ்டிக்குக்கு அடியில் நழுவிப் போய்த்தான் முதல் கோல் விழுந்தது. அப்போதே இரண்டு போயிற்று. இரண்டாம் பாதியில் கோல் கோட்டின் மேல் விழுந்து தடுத்தாராம், ஆகா ஓகோ என்கிறீர்கள். தடுக்கத்தானே நிறுத்தியிருக்கிறார்கள்? நடுவரிடம் வாயாடிப் பச்சை அட்டை வாங்கி இரண்டு நிமிடம் வெளியே உட்கார்ந்தார். அந்த வாய் முழுக்க முழுக்க அம்மா வழி. கடைசி நிமிடப் பெனால்டி கார்னரில் அவர் அடித்த சமன் கோலையும் நான் கணக்கில் எடுத்துக்கொண்டேன். பந்து கோலுக்குள் போனது உண்மை. ஆனால் வழிமுறை திருப்தியாக இல்லை. அரை மதிப்பெண்.

நாலாம் எண் என் சொந்த மகள் என்பதற்காக நான் கூடக் குறையப் போடுகிறவன் அல்ல. பள்ளிக்கூடத்தில் என்னிடமே படித்து, கணக்கில் முப்பத்துநாலு வாங்கி, ஒரே ஒரு மதிப்பெண்ணில் கோட்டை விட்டவள் அவள். அன்றைக்கும் நான் இரங்கவில்லை.

நடந்ததைக் கேளுங்கள். தேர்வு முடிவு ஒட்டிப் பழகிய கை சும்மா இருக்குமா, என் மதிப்பெண் பட்டியலைச் சிவப்பு மையில் எழுதி ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே எங்கள் குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டேன், தண்ணீர் வராது என்ற அறிவிப்புக்குப் பக்கத்தில். கீழ்வீட்டுத் தையல்காரர் அதைப் படித்துவிட்டு இஞ்சு டேப்பைக் கழுத்தில் போட்டபடியே மாடியேறி வந்தார். "ஏன் சார், பெத்த பொண்ணுக்கு மூணு போட உங்களுக்குக் கை எப்படி வந்துச்சு?" என்றார். இவர் எனக்குத் தைத்த சட்டைக்கு நான் எத்தனை போட்டிருப்பேன் என்று அவருக்குத் தெரியாது. அவர் பின்னாலேயே என் மைத்துனன் வந்தான். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன், எதையும் அவசரமாகவே பேசுவான். "மாமா, நீங்க ஏறினா என் வண்டிகூடக் கெளம்பாது, பாத்துக்குங்க!" என்று சத்தம் போட்டுவிட்டுப் பட்டியலைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு போனான்.

அதோடு விட்டதா? பத்து மணிக்கு மகளே போன் பண்ணினாள்.

"அப்பா, எத்தனை போட்டீங்க?"

"மூணு."

"கோச் எட்டு போட்டாருப்பா."

"அவரு தாராளப் பேர்வழி."

"சரிப்பா, சாப்ட்டீங்களா?" என்று கேட்டு வைத்துவிட்டாள்.

அவ்வளவுதான். என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் நின்றாள். "அவ மார்க்கா கேட்டா? நீங்க பாத்தீங்களான்னு கேட்டா. அதுகூடப் புரியாம இருபத்தாறு வருஷம் என்னத்தத் திருத்துனீங்க?" என்றாள். அன்று முதல் என் தட்டு மேசையில் இருக்கிறது, சாப்பாடு சமையலறையில் இருக்கிறது, நடுவில் நான் இருக்கிறேன்.

நீங்கள் ஏழு போடாமல் நாலோ ஐந்தோ போட்டிருந்தால் என் மூன்று இவ்வளவு உறுத்தியிருக்காது. ஆகவே ஆசிரியர் ஐயா, மறுமதிப்பீடு செய்து திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். ஒரு மதிப்பெண் தவறாகக் கூடிவிட்டால் அது வாழ்நாள் முழுக்க அந்தப் பிள்ளையைக் கெடுக்கும் என்பது என் அனுபவம். மனப்பூர்வமாகச் சொல்கிறேன்.

தங்கள் பக்கங்கள் பிழையின்றி வரவும், தங்கள் வீட்டில் வேளைக்குச் சோறு கிடைக்கவும் மனமார வாழ்த்தும்,
ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்

பி.கு.: மேலே எழுதியதைத் தயவுசெய்து அச்சில் போட்டுவிடாதீர்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த முதல் கோல் விழுந்ததும் டிவியில் அவள் முகத்தைப் பெரிதாகக் காட்டினார்கள். என்னால் அதற்குமேல் உட்கார முடியவில்லை. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக் குழாயைத் திறந்துவிட்டு, கடைசி வரை உள்ளேயே நின்றேன். கோட்டில் தடுத்தது, பச்சை அட்டை, சமன் கோல் எல்லாமே கூடத்தில் உட்கார்ந்து பார்த்த மைத்துனன் போட்ட கூச்சலை வைத்துத் திருத்தியது. நான் கண்ணால் பார்த்தது அவள் விட்ட அந்த ஒரு பந்தைத்தான். வரும் ஞாயிறு அவள் வீட்டுக்கு வருகிறாள். அவள் அடித்த பந்து கோல்கீப்பருக்கு இடப்பக்கம் போயிற்றா வலப்பக்கமா? மைத்துனன் இடம் என்கிறான், தையல்காரர் வலம் என்கிறார், மனைவி வாயே திறக்கவில்லை. சனிக்கிழமைக்குள் பதில் கிடைக்கும்படி எழுதுங்கள் ஐயா. நான் பார்த்தேன் என்று அவளிடம் சொல்ல வேண்டும்.