முன்வரிசை முன்னேற்றச் சங்கமும் ஒரு குழாயும்

மலாய் நாட்டுக்கு நாகரிகத்தைக் கொண்டுவந்தவை மூன்று: ரயில், மலேரியாக் காய்ச்சலுக்கான கொய்னா மருந்து, பிரிக்பீல்ட்ஸ் ரயில் குவார்ட்டர்ஸ் முன்வரிசைக் குடியிருப்போர் முன்னேற்றச் சங்கம். முதல் இரண்டும் வெள்ளைக்காரன் கொடுத்தவை. மூன்றாவதை நாங்களே உண்டாக்கினோம். அதன் உதவிக் காரியதரிசி என்ற முறையில், அடக்கம் தடுத்தாலும் கடமை பிடித்துத் தள்ளுவதால், அதன் அரும்பெரும் தொண்டை இங்கே எழுதி வைக்கிறேன்.

முன்வரிசை என்பது மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும் நீண்ட பலகை வீட்டு வரிசை. மேட்டு முனையில் எங்கள் தலைவர் சபாபதி, ரயில்வே ஸ்டோரில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. வரிசைக்கே உள்ள ஒரே தண்ணீர்க் குழாய் அவர் வாசலில் நின்றது. பள்ளத்து முனையில், கடைசி வீட்டில் சாந்தமேரி. அவள் புருஷன் வாலண்டைன் என்ஜினில் கரி அள்ளிப் போடுகிறவர். வேலை முடிந்து வரும்போது கண்ணும் பல்லும் மட்டுமே வாலண்டைன்; மற்றதெல்லாம் கரி. அவரைக் கழுவி மனிதராக்க வேண்டும், சமைக்க வேண்டும், துவைக்க வேண்டும். இதற்கெல்லாம் சாந்தமேரி, வயிற்றில் பிள்ளையோடு, மண்ணெண்ணெய் டின்களைக் கம்பில் மாட்டித் தோளில் சுமந்து மேட்டுக்கும் பள்ளத்துக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

சங்கத்தின் முதல் கூட்டத்தில் பெயர் முடிவாயிற்று. ‘அபிவிருத்தி’யா ‘முன்னேற்ற’மா என்ற விவாதத்தில் இரண்டு பேர் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டார்கள். ஆரம்பமே இவ்வளவு உயிரோட்டமாக இருந்தது. இரண்டாவது கூட்டத்தில் சாந்தமேரி டின்னோடு நேரே உள்ளே வந்துவிட்டாள்.

“கிராணி ஐயா, பள்ளத்துப் பக்கமா ஒரு பைப்பு வைக்கச் சொல்லுங்க. புள்ள பொறந்துட்டா இப்படி ஏறி எறங்க என்னால ஆகாது.”

“அம்மா, இது பொதுக்கூட்டம் இல்ல. செயற்குழு,” என்றார் தலைவர்.

“அப்படின்னா?”

“என்னென்ன செய்யலாம்னு பேசற குழு,” என்று நான் விளக்கினேன்.

“அப்ப செய்யறது யாருண்ணே?”

இது மிக ஆழமான கேள்வி. எனவே ஒரு துணைக்குழுவிடம் ஒப்படைத்தோம்.

சங்கத்தைக் குறை சொல்கிறவர்கள் கவனிக்க வேண்டும்: நாங்கள் மனுவும் அனுப்பினோம். குவார்ட்டர்ஸை மேற்பார்வையிடும் துரையும் பதில் போட்டார். தைப்பூசம் கழிந்ததும் தாமே வருவார். முன்வரிசை, பின்வரிசை இரண்டையும் கண்ணால் பார்ப்பார். தண்ணீர்க் கஷ்டம் எங்கே அதிகமோ அங்கே ஒரு புதுக் குழாய் கிடைக்கும். ஒன்றே ஒன்று.

பின்வரிசை என்பது எங்கள் கடைசி வீட்டுக்குப் பின்னால், ஒரு சாக்கடையைத் தாண்டி இருப்பது. அங்கே ஒரு கிணறு உண்டு. வெயில் காலத்தில் அது தண்ணீர் தருவதை நிறுத்திச் சேறு தரும். அங்கே சங்கமும் கிடையாது. அவர்கள் நமக்குப் போட்டியா என்று தலைவர் சிரித்தார். நாங்களும் முறைப்படி சிரித்தோம்.

துரையை எப்படி வரவேற்பது என்று ஆலோசனை நடந்தது.

“மிஸ்டர் பாலன்,” என்றார் தலைவர் என்னைப் பார்த்து, “தொரை வர்ற நேரத்துல வாசல் வாசலா டின்னும் வாளியும் உருண்டு கெடந்தா, நம்மளப் பத்தி என்ன நெனப்பாரு?”

“தண்ணி இல்லாம காஞ்சு கெடக்குறாங்கன்னு நெனப்பாரு, சார்.”

“அதேதான்! அந்த எண்ணமே அவருக்கு வரக்கூடாது.”

ஆகவே சரமாரியாகத் தீர்மானங்கள் நிறைவேறின. டின்கள் கண்ணில் படக் கூடாது. குழாயடிச் சண்டைகள் துரை போகும்வரை ஒத்திவைக்கப்படும். தைப்பூசத்துக்குப் பத்துமலை முருகன் கோயிலில் நாங்கள் போட்ட தண்ணீர்ப்பந்தலின் தோரணங்கள் இங்கே கட்டப்படும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு வாசலிலும் மாவிலையும் தேங்காயும் வைத்து, விளிம்புவரை நீர் நிரப்பிய நிறைகுடம்!

“சார், வரவேற்புரையில குழாயப் பத்தி?” என்று ஒருவர் இழுத்தார்.

“மாலை போட்ட கையாலேயே மனுவ நீட்டறதா? நம்ம பண்பாடு என்ன ஆகுறது? அவரே பாத்துப் புரிஞ்சுக்குவாரு.”

தலைவரின் நயத்தக்க நாகரிகத்தைப் போற்றி நான் வழிமொழிந்தேன்.

துரை வருவதற்கு முந்தின நாள், வரிசை முழுவதும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஒரே குழாயடிக்குப் போயிற்று. குழாய் நூல் நூலாக அழுதது. நான் மேற்பார்வையிட்டபடி கடைசி வீட்டுக்கு வந்தேன்.

“அண்ணே, நாங்க வேதக்காரவங்க. எங்களுக்கு எதுக்குக் குடம்?” என்றாள் சாந்தமேரி.

“தண்ணிக்கு ஏதும்மா மதம்?”

“மதம் இல்லண்ணே, தூரம் இருக்கு.”

ஆனாலும் போனாள். எல்லாருக்கும் பின்னால் நின்று பிடித்துவந்தாள். அவள் டின் ஒன்றைச் சங்கத்தின் சார்பில் நானே வாங்கிச் சுமந்தேன். பாதி என் வேட்டியோடு வந்துவிட்டது. மீதி குடத்துக்குச் சரியாக இருந்தது. வாலண்டைன் வேலை முடிந்து கரியாக வந்து படியில் உட்கார்ந்தார்.

“மேரி, அதுல ஒரு சொம்பு கொடேன். மூஞ்சிய மட்டும் கழுவிக்கிறேன்.”

“தொடாதீங்க! அது தொரைக்கு.”

வாலண்டைன் குடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார்; சங்கத்தின் மீது அவருக்கிருந்த மரியாதை அது என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் துரை வந்தார். நாதஸ்வரம் முழங்கிற்று. மாலை போட்டோம், கையில் எலுமிச்சம்பழம் கொடுத்தோம், பன்னீர் தெளித்தோம். அன்று முன்வரிசையில் தாராளமாக நனைந்தவர் துரை ஒருவரே. தலைவர் வரவேற்புரையைப் படித்தார். அதில் சக்கரவர்த்தி இருந்தார், நீராவி இருந்தது, துரையின் தொப்பிகூட இருந்தது; குழாய் இல்லை. பிறகு துரை ஒவ்வொரு வாசலாக இறங்கி வந்தார். ஒவ்வொரு குடத்தையும் குனிந்து பார்த்தார். ஒன்றில் தேங்காயை நகர்த்தி விரலை விட்டும் பார்த்தார். “வெரி குட், வெரி குட்,” என்றார். எங்களுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

கடைசி வாசலில் சாந்தமேரி நின்றாள். வரிசையின் அழகைக் கருதி வாலண்டைனை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியிருந்தோம். இந்த அம்மாள் ஏதாவது சொல்ல விரும்புகிறாளா என்று துரை தலைவரிடம் கேட்டார்.

“சொல்லுங்க ஐயா,” என்றாள் அவள் தலைவரிடம். “தண்ணி தூக்கித் தூக்கி முதுகு ஒடியுதுன்னு சொல்லுங்க.”

தலைவர் அவளைப் பார்த்தார். தோரணத்தைப் பார்த்தார். பிறகு நல்ல ஆங்கிலத்தில், தங்களைக் கண்ட ஆனந்தத்தில் இந்த அம்மாள் முதுகு வளைத்து வணங்குவதாகச் சொல்கிறாள் என்று மொழிபெயர்த்தார். துரை நெகிழ்ந்துபோய்த் தொப்பியைக் கழற்றினார். சாந்தமேரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. தொப்பியைக் கழற்றினால் குழாய் நிச்சயம் என்று நினைத்திருப்பாள், பாவம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அப்புறம் துரை சாக்கடையைத் தாண்டிப் பின்வரிசைக்குப் போனார். அங்கே தோரணமும் இல்லை, தலைவரும் இல்லை. கிணற்றடியில் வெறும் டின்களோடு பெண்கள் முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். துரை எட்டிப் பார்க்கப் போனதும், இராஜம்மா என்பவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் கத்தினாள்.

“யாருய்யா அது? தொப்பி போட்டுக்கிட்டு வந்தா முன்னால உட்டுருவமா? வரிசையில நில்லுய்யா!”

தலைவர் கண்களை மூடிக்கொண்டார். துரை குனிந்து கிணற்றுச் சேற்றைப் பார்த்தார்.

உத்தரவு சீக்கிரமே வந்தது. அலங்காரத்துக்குக்கூடத் தண்ணீரை வாசலில் வைக்கும் அளவுக்கு வளம் மிக்க முன்வரிசைக்குத் துரையின் மனமார்ந்த பாராட்டு. பின்வரிசைக்குக் குழாய்.

பாராட்டைச் சட்டம் போட்டு மாட்டினோம். பின்வரிசையின் பண்பாட்டுக் குறைவுக்கு வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் போட்டோம். இதற்கிடையில் சாந்தமேரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. சில மாதங்களில் அவள் சாக்கடைமேல் பலகை போட்டுக்கொண்டு பின்வரிசைக் குழாய்க்குப் போக ஆரம்பித்தாள். “புள்ளக்காரி, நீ முந்திப் புடி,” என்று இராஜம்மா அவளை முன்னால் விட்டாளாம். எந்தத் தீர்மானமும் இல்லாமல் இப்படியெல்லாம் நடப்பது முறைதானா என்று செயற்குழுவில் கேள்வி எழுந்தது.

எனவே நாங்கள் தூதுகோஷ்டியாகப் பின்வரிசைக்குப் போனோம். பெண்கள் குழாயடியில் நின்றார்கள். சாந்தமேரி இடுப்பில் குழந்தையோடு டின் பிடித்துக்கொண்டிருந்தாள். தலைவர் தொண்டையைச் செருமினார்.

“இவ்வளவு நல்ல குழாய் கெடச்சும் உங்களுக்குன்னு ஒரு சங்கம் இல்லையே! கவலப்படாதீங்க. எங்க சங்கத்தோட உங்களயும் சேத்துக்கிட்டு, இந்தக் குழாயயும் நாங்களே முன்னேத்தலாம்னு...”

இராஜம்மா தன் டின்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். சாந்தமேரி குழாயை மூடினாள். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, குழாய்க்கு முன்னால் வந்து மறித்து நின்றாள்.

“அண்ணே,” என்றாள், தலைவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்து. “எனக்குன்னு கெடச்சது இந்த ஒரு பைப்புதான். கும்புட்டுக் கேக்குறேன். இதையும் முன்னேத்திடாதீங்க.”