நட்சத்திரம் கேட்ட மாப்பிள்ளை

மும்பையில் பேங்குக்குப் போய்க் காசு பாக்கெட் கேட்கிறவன் ஒன்று பான் கடை வைத்திருக்க வேண்டும், இல்லை கிறுக்கனாக இருக்க வேண்டும். எனக்குப் பான் கடை கிடையாது.

நாணயத்தில் வருஷத்துக்குக் கீழே பொடி அடையாளம் ஒன்று இருக்கும். மும்பையில் அச்சடித்தால் டைமண்ட், ஐதராபாத்தில் அச்சடித்தால் நட்சத்திரம். (எடுத்துப் பாருங்கள். பார்த்து நீங்களும் கெட்டுப்போனால் நான் பொறுப்பில்லை.) இப்படிக் காசு சேர்க்கிற பைத்தியத்தில், ஒரு வருஷத்து இரண்டு ரூபாயில் மட்டும் எனக்கு நட்சத்திரம் மாட்டவே இல்லை. அதற்காக மூன்று வருஷம் பேங்க் பேங்காக அலைந்தேன்.

அன்று சனிக்கிழமை. பகல் பன்னிரண்டரைக்குச் செம்பூரில் பெண் பார்க்கப் போக வேண்டும். பெண் பெயர் கிரேஸ். போட்டோ பார்த்ததிலிருந்தே எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தச் சம்பந்தம் தட்டிப்போனால் தாராவியை விட்டே ஓடிவிடுவதாக இருந்தேன். அப்படிப்பட்டவன் காலையில் முடி வெட்டியிருக்கலாம். நான் சயானில் ஒரு பேங்குக்குப் போனேன்.

இந்தியில், இரண்டு ரூபாய் காசு இரண்டு பாக்கெட் வேண்டும் என்றேன். கேஷியர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். அவரிடம் காசைக் கொட்ட வந்தவர்கள்தான் உண்டு, கேட்டு வந்தவன் நான்தான் முதல் ஆள் போலிருக்கிறது. "நயா ஹை, ஏக்தம் நயா", புத்தம் புதுசு என்று சத்தியம் செய்து, நான் மனசு மாறுவதற்குள் பத்துப் பாக்கெட்டைத் தள்ளிவிட்டார். ஒவ்வொன்றிலும் நூறு காசு. மேனேஜர் எழுந்து வந்து கைகுலுக்கினார்.

தோள் ஒருபக்கம் சாய, மூட்டையோடு நேரே செம்பூர். வாசலில் காத்திருந்த அம்மா, "என்னல இது?" என்றாள். "ஆபீஸ் சாமான்" என்றேன்.

பெண்ணின் அப்பா சபைக் கமிட்டிக்காரர். நீளமாக ஜெபம் செய்தார். டீ வருவதற்குள் ஒரே ஒரு பாக்கெட்டைப் பார்த்துவிடலாம் என்று பால்கனிக்கு நழுவினேன். கிழித்தால், எல்லாம் கறுத்துப்போன பழைய காசு. அந்நேரம் கல்யாண் ஊரிலிருந்து முருகன் போன் செய்தான்; அவனும் என்னைப் போல ஒரு காசுக் கிறுக்கன்.

"புதுசுன்னு சொன்னாங்கல. நேர்ல பாத்தா பழசா இருக்கு!" என்று கத்தினேன். "டைமண்ட் யாருக்குல வேணும்? எனக்கு நட்சத்திரம்தான் முக்கியம். நட்சத்திரம் இல்லன்னா எல்லாத்தையும் திருப்பிக் கொடுத்துட்டுப் போய்ட்டே இருப்பேன்!"

திரும்பினால் பெண்ணின் அப்பா. முகம் செக்கச்செவேல்.

"தம்பி, நாங்க மூணு தலமுறையா வேதக்காரங்க. நட்சத்திரம், ஜாதகம் பாக்குத ஆளுங்களுக்கு எங்க வீட்டுல பொண்ணு கிடையாது."

"ஐயோ மாமா, அது காசு..."

"வைரம் வேண்டாம், ரொக்கமா வேணும்னுதீகளோ?"

உள்ளே அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். "எல, எந்த ஜோசியக்காரன்ட்டல போன? பாஸ்டர் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்!"

செத்தேன் என்று நினைத்துக்கொண்டேன். வாயால் சொன்னால் எடுபடாதென்று பத்துப் பாக்கெட்டையும் ஹாலில் கொட்டினேன். ஆயிரம் காசு சோபாவுக்கடியில் ஓடியது. நான் மண்டிபோட்டு, டைமண்ட் இது, நட்சத்திரம் அது என்று கோட்டும் டையுமாகத் தவழ்ந்து தவழ்ந்து விளக்கினேன். ஒருவர்கூட நம்பவில்லை. அம்மா செருப்பை மாட்டிவிட்டாள்.

அப்போதுதான் கிரேஸ் வந்தாள். டீத்தட்டை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"பழசா இருக்குன்னீங்களே, அது யாரு?"

"காசுங்க! சத்தியமா காசு!"

எந்த வருஷம் என்று கேட்டாள். சொன்னேன். காசுகளை அளைந்தாள். கால் மணி நேரம் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பிறகு ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அப்பாவிடம் காட்டிவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"இந்தாங்க உங்க நட்சத்திரம். இப்பவும் எல்லாத்தையும் திருப்பிக் கொடுத்துட்டுப் போயிருவீங்களா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. (பெண் கிடைத்ததற்கா, காசு கிடைத்ததற்கா என்று இன்றுவரை கேட்கிறாள்.)

மாமா சம்மதித்தார், ஒரே ஒரு நிபந்தனையோடு. நட்சத்திரப் பேச்சால் வந்த தோஷம் தீர, மறுநாளே அந்தக் காசைக் காணிக்கைப் பையில் போட வேண்டும். மாமா பக்கத்திலேயே நின்று பார்க்க, போட்டேன்.

அன்றிலிருந்து ஞாயிறு ஆராதனை முடிந்ததும் காணிக்கை எண்ண முதல் ஆளாய்ப் போய் உட்காருகிறேன். என் பக்தியைப் பாஸ்டர் பிரசங்கத்திலேயே பாராட்டிவிட்டார். கிரேஸ் மட்டும் எங்கள் மகளின் காதைக் கடிப்பாள்:

"உங்கப்பா ஆண்டவரத் தேடல புள்ள, ஐதராபாத்தத் தேடுதாரு."