‘வழி விடு’: ஆல்பம் வெளியீடும் அதன் விளைவுகளும்

உலகில் இதுவரை நடந்த புரட்சிகளுக்கெல்லாம் பொதுவான குறை ஒன்று உண்டு: ஒலிப்பதிவு சரியில்லை. கோஷம் ஒரு பக்கம், இருமல் ஒரு பக்கம், நடுவில் யாரோ டீ கேட்கிற சத்தம். மனித குலத்தின் இந்த நெடுநாள் குறையைப் போக்க அவதரித்தவர், கல்பாக்கம் விஞ்ஞானிகள் குடியிருப்பின் ஏசி அறையொன்றில் வளர்ந்த சுயாதீன இசைக் கலைஞர் சீனு. ‘சுயாதீனம்’ என்றால் எந்தக் கம்பெனிக்கும் கட்டுப்படாதவர். எந்தக் கம்பெனியும் அவரைக் கட்டுப்படுத்த முன்வரவில்லை என்பது பொறாமைக்காரர்கள் சொல்வது.

போராட்டப் பாட்டு பாட ஒரு கஷ்டம் வேண்டும். சீனுவின் வீட்டில் அந்தச் சரக்கு இருப்பில் இல்லை. எனவே ஈசிஆரில் காரை விட்டுக்கொண்டு தேடிப் போனார். முட்டுக்காட்டில் படகு ஓட்டுகிறவர்கள் சிரித்த முகமாக இருந்தார்கள், தேறவில்லை. நெம்மேலி தாண்டி ஒரு குப்பத்தில்தான் அவர் தேடியது கிடைத்தது. ‘மௌனம்’ என்ற புது ரிசார்ட்டின் முதலாளி ராகவன், குப்பத்திலிருந்து கடலுக்குப் போகும் பாதையின் குறுக்கே இரும்பு கேட் போட்டுப் பூட்டியிருந்தார். பெண்கள் மீன் கூடையோடு ஒன்றரை கிலோமீட்டர் சுற்றி வந்தார்கள். அதற்குள் வெயிலில் பாதி மீன் குழைந்துபோனது.

சீனு மீனை முகர்ந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

“சுத்தமான கஷ்டம், ஷீலா,” என்றார் தன் மேலாளரிடம். “கலப்படமே இல்ல.”

“ரெண்டாவது ஆல்பத்துக்கும் மிச்சமிருக்கும் போல,” என்றாள் ஷீலா.

அந்தக் கரையில் மீன் ஏலம் விடுகிறவர் கன்னியம்மா. அவர் கூவினால் அலைக்கு அந்தப் பக்கம் படகில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். அவருடைய ஏலத்தில் எழுத்து கிடையாது, கையெழுத்து கிடையாது. மூன்று தரம் கூவுவார். மறுத்துப் பேச ஆளில்லை என்றால் முடிந்தது. முடிந்ததை மாற்றிப் பேசியவன் மறுநாள் அந்தக் கரைக்குக் கூடை எடுத்துக்கொண்டு வர முடியாது.

“அக்கா, உங்க வலியை நான் பாடணும்,” என்றார் சீனு.

“முட்டி வலி கீது. அத்தயா பாடப் போற?”

“இல்லக்கா, அந்தப் பாதை.”

“பாட்னா கேட்டத் தொறந்துடுவானா?”

“வெளியீட்டு விழாவுக்குப் பெரிய பெரிய ஆளுங்க வருவாங்க. அவங்க முன்னாடி நீங்களே கேளுங்க.”

பாதைக்காகச் செங்கல்பட்டுக்கு ஆறு முறை பஸ் ஏறி மனு கொடுத்துவிட்டு வந்தவர் கன்னியம்மா. ஏழாவது முறை பஸ்ஸில் நிற்பதைவிட மேடையில் நிற்பது மேல் என்று அவருக்குப் பட்டது. ஒப்புக்கொண்டார். பாடியும் கொடுத்தார்.

ஸ்டுடியோவில் ஆறு மாதம் உழைத்தார் சீனு. கன்னியம்மாவின் குரல் ‘தேவைக்கு அதிகமாக உண்மையாக’ இருந்ததால் அதில் கொஞ்சம் எதிரொலி கலந்தார். கடல் இரைச்சல் பாட்டைக் கெடுத்ததால் அதை நீக்கிவிட்டு, நெட்டிலிருந்து நல்ல கடலாக ஒன்றை இறக்கிச் சேர்த்தார். “எங்க பாதைய மறிச்ச ராகவா” என்ற வரி மட்டும் நான்கு இரவு அவரைத் தூங்கவிடவில்லை. ‘ராகவா’ ரொம்பக் குறுகலாக இருந்தது. எல்லாக் காலத்துக்கும், எல்லா நாட்டுக்கும் பொருந்தும்படி “மறிச்ச காலமே” என்று மாற்றினார். விழா ராகவனின் புல்வெளியில், அவர் செலவில் நடக்கவிருந்தது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. போராட்டத்தை அதன் களத்திலேயே வெளியிட வேண்டும் என்பது சீனுவின் கொள்கை.

விழா நாள் மாலை. கிழிந்த வலையை நன்றாகத் துவைத்து மேடைக்குப் பின்னால் கட்டியிருந்தார்கள். லினன் சட்டைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. சீனு கன்னியம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தி, “இதுதான் இந்த மண்ணோட குரல்” என்று மைக்கை நீட்டினார். கன்னியம்மா மைக்கை வாங்கி அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். அவருக்கு அது தேவைப்படவில்லை.

“எல்லாரும் நல்லா கேட்டுக்கினு சொல்லுங்க! இன்னிக்கு ஏலம் மீனுக்கு இல்ல. அந்த இரும்பு கேட்டக் கயட்டிட்டு எங்க பாதைய எங்களுக்கு வுட்றது. மாட்டேன்றவன் இப்பவே வாயத் தொற! ஒரு தரம்!”

கூட்டத்துக்குப் புல்லரித்தது. செல்போன்கள் உயர்ந்தன.

“ரெண்டு தரம்!”

சீனு கண்ணை மூடிக்கொண்டார். ஆறு மாத ஸ்டுடியோவில் அவருக்குக் கிடைக்காத ஒலி அது.

“மூணு தரம்!”

கைதட்டலில் பந்தல் அதிர்ந்தது. முதலில் எழுந்து நின்று தட்டியவர் ராகவன்.

“அண்ணாத்த, சம்மதம்தான?” என்றார் கன்னியம்மா.

“சம்மதம்! சம்மதம்!” என்று சிரித்துக்கொண்டே கத்தினார் ராகவன். கன்னியம்மா பக்கத்தில் நின்ற சீனுவும் தட்டினார், உள்ளங்கை சிவக்க.

மறுநாள் காலை பத்துப் பெண்கள் ஸ்பானரோடு வந்து கேட்டைக் கழற்றி, கீறல் படாமல் சுவரோரம் சாய்த்து வைத்தார்கள். ராகவன் லுங்கியோடு ஓடி வந்தார்.

“என்னம்மா அக்கிரமம் இது!”

“நேத்து முடிஞ்ச ஏலம், நைனா. மூணு தரம் கூவுனேன். நீ எய்ந்து நின்னு தட்டுன. சம்மதம்னு வாயாலயும் சொன்ன.”

“அது கலை நிகழ்ச்சிம்மா!”

“எனுக்கு அது தொயிலு.”

விவகாரம் காவல் நிலையத்துக்குப் போனது. இன்ஸ்பெக்டர் சுதாகர் நியாயமாகவே பேசினார். “எல்லாரும் மனசார ஒத்துக்கிட்டாங்கன்னு ஒரு பொது ஆள் எழுதிக் கொடுத்தா, கேட்டைத் திரும்ப மாட்டச் சொல்ல மாட்டேன். சாட்சி யாரு?”

“சீனு தம்பி,” என்றார் கன்னியம்மா. “எம் பக்கத்துலதான் நின்னுகினு இருந்துச்சு.”

சீனு வரவழைக்கப்பட்டார். ராகவன் அவரை எதுவும் கேட்கவில்லை. “அடுத்த ஆல்பமும் நம்ம லான்லதானே?” என்று மட்டும் விசாரித்தார்.

இன்ஸ்பெக்டர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். “‘பூட்டை உடைப்போம்’னு பாடியிருக்கீங்க. எந்தப் பூட்டு?”

“பொதுவா சார்.”

“‘எங்கள் கடல்’னா எந்தக் கடல்?”

“அது மனசு சார்.”

“இந்த அம்மா ஏலம் விட்டது?”

சீனு ராகவனைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். “ஒரு கலை வடிவம் சார். நிஜத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.” அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

கன்னியம்மா அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றார்.

“அப்போ நீ கை தட்டுனது இன்னா தம்பி?”

“நான் கை தட்டலக்கா,” என்றார் சீனு. “தாளம் போட்டேன்.”

அன்று மாலையே கேட் பழைய இடத்துக்கு வந்தது, இரண்டு பூட்டுகளோடு. அந்த வாரம் வெளியான மதிப்புரை ஒன்று, ‘எந்த நெருக்கடியிலும் தாளம் தப்பாத கலைஞர்’ என்று சீனுவைப் பாராட்டியிருந்தது. கூடையோடு ஒன்றரை கிலோமீட்டர் சுற்றி நடக்கிற பெண்களில் ஒருவர்கூட அதை மறுக்கவில்லை.